கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம், சென்னை: பிளேனா, ரயிலா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நல்லூர்த் திருவிழா நெருங்கும்போதும் டிசம்பர் விடுமுறைக்கும் கொழும்புக்கு வந்து இறங்கும் உறவுக்காரர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: யாழ்ப்பாணத்துக்குப் பிளேனில் போவதா, ரயிலில் போவதா? சென்னைக்குப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் பிளேன்தான், அவர்களுடைய கேள்விகள் வேறு. தனித்தனியாகச் சொல்லி வந்த பதில்களை இங்கே ஒன்றாக எழுதிவைக்கிறேன். நான் ரயில் பக்கம் சாய்ந்த ஆள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிளேன்தான் சரி என்ற இடங்களில் அதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறேன்.

பிளேன் ஒரு மணித்தியாலம், ரயில் ஏழு மணித்தியாலம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

அந்த ஒரு மணித்தியாலம் வானத்தில் இருக்கும் நேரம் மட்டும்தான். வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து கணக்குப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்துக்கான உள்ளூர் விமானங்கள் இரத்மலானையிலிருந்து புறப்படுகின்றன. வெள்ளவத்தையில் இருப்பவருக்கு அது கிட்ட, காலி வீதியால் நேரே தெற்கே போனால் சரி. கொட்டாஞ்சேனையிலோ வத்தளையிலோ இருப்பவர் காலை நெரிசலில் முழு நகரத்தையும் ஊடறுத்துப் போக வேண்டும். போய்ச் சேர்ந்து, பொதியை நிறுத்து, சோதனை முடித்து, காத்திருந்து, பறந்து, பலாலி விமான நிலையத்தில் இறங்கி, பொதி வரும்வரை நின்று, அதற்குப் பிறகும் யாழ்ப்பாண நகரத்துக்கு 15 கிலோமீற்றருக்கு மேல் வாகனம் பிடித்துப் போக வேண்டும். எல்லாம் சேர்த்தால் நாலு, நாலரை மணித்தியாலம் ஆகிவிடும்.

ரயிலுக்குக் கொழும்புக் கோட்டை நிலையத்தில் அரை மணித்தியாலம் முன்னதாக நின்றால் போதும். நகர்சேர் கடுகதி சுமார் ஆறரை, ஏழு மணித்தியாலத்தில் யாழ்ப்பாணம் போய்விடும். யாழ் தேவி ரயில் அதைவிடக் கொஞ்சம் கூட எடுக்கும். யாழ்ப்பாண நிலையம் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. கொக்குவில், கோண்டாவில், சுன்னாகம் பக்கத்து ஆட்கள் பலருக்கு ரயில் வீட்டுக்குக் கிட்டவே போய் நிற்கும்.

ஆகவே பிளேனில் நீங்கள் மிச்சம் பிடிப்பது ஆறு மணித்தியாலம் அல்ல, மூன்று, மூன்றரை. அந்த நாலரை மணித்தியாலத்திலும் அரை மணித்தியாலம் சேர்ந்தாற்போல் உங்களுக்கென்று கிடைக்காது. வரிசை, கதிரை, அறிவிப்பு, மறுபடி வரிசை என்று துண்டு துண்டாகப் போய்விடும். ரயிலில் ஏறி உட்கார்ந்தால் ஏழு மணித்தியாலமும் உங்களுடையது. வாசிக்கலாம், நித்திரை கொள்ளலாம், பேசாமல் வெளியே பார்த்துக்கொண்டிருக்கலாம். என்னுடைய தெரிவு இந்த ஒரு காரணத்தில்தான் நிற்கிறது.

இரத்மலானையிலிருந்து எப்போதும் விமானம் இருக்குமா?

இராது. நீண்ட இடைவெளிக்குப் பிறகு 2022 ஜூலையில் இரத்மலானை–பலாலி சேவை மறுபடி தொடங்கியது. ஆனால் இந்தப் பாதையில் சேவைகள் வருவதும் நிற்பதுமாகவே இருக்கின்றன. விமானங்கள் சிறியவை, ஆசனங்கள் குறைவு, கிழமையில் எல்லா நாளும் இருக்கும் என்ற உறுதியும் இல்லை. போகும் மாதத்தில் விசாரித்துவிட்டு முடிவெடுங்கள். போன வருடம் ஒருவர் போனார் என்பதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

இந்தப் பாதை பழையது என்பது பலருக்குத் தெரியாது. 1947 டிசம்பரில் ஏர் சிலோன் தனது முதல் பயணிகள் சேவையைத் தொடங்கியதே இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான்.

கட்டுநாயக்காவுக்கு ஏன் மூன்று மணித்தியாலம் முன்னதாகப் போகச் சொல்கிறார்கள்? சென்னைக்குப் பறப்பதே ஒன்றரை மணித்தியாலம்தானே?

விமான நிலையம் உங்களை ஒரே தடவையில் சரிபார்த்து அனுப்புவதில்லை. நுழைவாயிலில் எல்லாப் பொதிகளும் ஸ்கான் இயந்திரத்துக்குள் போகும். பிறகு விமான நிறுவனத்தின் கவுண்டர், அதன் பிறகு குடியகல்வு, கடைசியாகக் கேற்றுக்குப் பக்கத்தில் இன்னொரு சோதனை. அங்கே பெல்ட், கைப்பை, மடிக்கணினி எல்லாம் தட்டில் வைக்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் வரிசை தனி, ஆள் தனி. ஓரிடத்தில் வேகமாக முடிந்தால் அடுத்த இடத்தில் அந்த நேரம் போய்விடும். கவுண்டரைப் பொதுவாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்னரே மூடிவிடுவார்கள். ஐந்து நிமிடம் பிந்தினாலும் திருப்பி அனுப்பலாம். அந்தப் பயத்தில்தான் எல்லாரும் மூன்று மணித்தியாலம் முன்னால் போய் நிற்கிறோம்.

போகும் வழியும் சேர்த்தி. 2013 ஒக்ரோபரில் திறந்த அதிவேகப் பாதை 25.8 கிலோமீற்றர், பேலியகொடையில் ஏறிவிட்டால் அரை மணித்தியாலத்துக்குள் கட்டுநாயக்க. ஆனால் பின்னேரத்தில் வெள்ளவத்தையிலிருந்து பேலியகொடைக்குப் போய்ச் சேர அதைவிடக் கூட நேரம் எடுக்கும். பணத்தை மிச்சம் பிடிக்க நினைப்பவர்களுக்குக் கோட்டையிலிருந்து 187ஆம் இலக்க பஸ் இருக்கிறது. பெரிய சூட்கேஸ் இரண்டோடு போகிறவருக்கு அது சரிவராது.

பிளேனில் ஏறவும் இறங்கவும் ஏன் இவ்வளவு மினக்கேடு?

கதவு போதாது. நூற்றைம்பது, நூற்றெண்பது பேர் அநேகமாக ஒரே கதவால் ஏறி, ஒரே ஒடுங்கிய நடைபாதையால் போய், ஒவ்வொருவராகப் பையைத் தூக்கி மேல் தட்டில் வைக்கிறார்கள். முன்னால் ஒருவர் நின்றால் பின்னால் எல்லாரும் நிற்க வேண்டியதுதான். மேல் தட்டில் இடம் போதாது என்பதால் அழைப்பதற்கு முன்பே எல்லாரும் எழும்பி வரிசை கட்டுகிறார்கள். ரயிலில் ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு முனையிலும் கதவு இருக்கிறது. கோட்டையில் ஆயிரம் பேர் இறங்கினாலும் சில நிமிடங்களில் மேடை வெறுமையாகிவிடும்.

பொதி நிறையில் இத்தனை கண்டிப்பு ஏன்?

விமானம் எவ்வளவு பாரத்தோடு எழும்பலாம் என்பதற்கு எல்லை உண்டு, பாரம் கூடினால் எரிபொருளும் கூடும். இது உண்மையான காரணம். ஒரு பொதி 32 கிலோவைத் தாண்டக்கூடாது என்பது அதைத் தூக்கிப் போடும் தொழிலாளர்களின் முதுகைக் காப்பதற்கான எல்லை. அதையும் மதிக்க வேண்டும்.

என் கோபம் அதை நடத்தும் விதத்தில்தான். கவுண்டருக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம் நிலத்தில் குந்தி சூட்கேஸைத் திறந்து வைத்திருக்கும். மேலே சேலைகள், நடுவே மிளகாய்த்தூள் பொட்டலம், ஓரத்தில் பழைய சொக்லேட் டின்னுக்குள் பருத்தித்துறை வடை. இரண்டு கிலோ கூடிவிட்டது. அம்மா ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, யாருக்காகக் கொண்டுபோகிறோம் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் மகனின் சப்பாத்தை எடுத்து வைத்துவிட்டு வடை டின்னைத் திரும்ப உள்ளே வைக்கிறார். பின்னால் நிற்கும் ஐம்பது பேரும் அந்த வீட்டு உடுப்புகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். யாரையும் இப்படி நிற்க வைக்கக்கூடாது. வீட்டிலிருந்து புறப்பட முன் ஒரு தொங்கு தராசில் நிறுத்துப் பாருங்கள், அனுமதித்த அளவுக்கு ஒரு கிலோ குறைவாகவே வையுங்கள். விமான நிலையத் தராசும் உங்கள் தராசும் ஒத்துப்போகும் என்று எண்ண வேண்டாம்.

ரயிலில் யாரும் நிறுப்பதில்லை. தூக்கி ஏற்ற முடிந்தால் கொண்டுபோகலாம். திரும்பி வரும்போது ஒரு பெட்டி கறுத்தக் கொழும்பான் மாம்பழம், பனங்கட்டி, ஒடியல், முருங்கைக்காய்க் கட்டு எல்லாம் காலுக்கடியில் வைத்துக்கொண்டு வருகிறோம்.

எந்தெந்தப் பொருளில் எங்கள் ஆட்கள் அதிகம் மாட்டுப்படுகிறார்கள்?

முதலாவது கற்பூரம். கோயிலுக்குப் போகிறவர்கள் யோசிக்காமல் பையில் போடுகிறார்கள். அது எளிதில் தீப்பற்றும் திண்மம், கைப்பையிலும் சூட்கேஸிலும் கூடாது. தீப்பெட்டியைச் சூட்கேஸில் வைக்கக் கூடாது. கொப்பரா தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று சர்வதேச விதிகள் வகைப்படுத்தியிருக்கின்றன, அதையும் தவிர்த்துவிடுங்கள்.

அடுத்தது திரவம். ஊறுகாய், நெய், தேன், மீன் குழம்பு எல்லாம் கைப்பையில் திரவக் கணக்கில்தான் வரும். ஒரு போத்தல் 100 மில்லிலீற்றரைத் தாண்டக்கூடாது. போத்தலின் கொள்ளளவைத்தான் பார்ப்பார்கள், உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதை அல்ல. பாதி வெறுமையான 200 மில்லிலீற்றர் போத்தலும் போய்விடும். 2006 ஓகஸ்டில், இலண்டனிலிருந்து புறப்படும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கப் போட்ட திட்டம் அகப்பட்டதற்குப் பிறகு வந்த விதி இது. காரணம் நியாயமானது. ஆனால் மருமகளுக்கென்று அம்மா போட்ட எலுமிச்சை ஊறுகாயைக் குப்பைக் கூடையில் போட வைக்கும்போது மனம் பதைக்கத்தான் செய்யும். அதைச் சூட்கேஸில், மூடியை நாடாவால் ஒட்டி, இரண்டு பைக்குள் வைத்து அனுப்புங்கள்.

பவர் பேங்க் நேர்மாறு. அது கைப்பையில் மட்டும்தான் போகலாம், சூட்கேஸில் கூடாது. லித்தியம் பற்றரி சரக்கறையில் தீப்பிடித்தால் அணைக்க ஆள் இல்லை. 100 வாற்று-மணித்தியாலம் வரை பொதுவாக அனுமதி. 20,000 மில்லிஆம்பியர்-மணித்தியாலம் (mAh) என்று எழுதியிருப்பது சுமார் 74 வாற்று-மணித்தியாலம், ஆகவே பயமில்லை.

இறங்கும்போது காது ஏன் இப்படி வலிக்கிறது? பிள்ளைகள் அழுகிறார்கள்.

பெரிய ஜெட் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் தரையில் இருப்பது போல இருக்காது. 1,800 முதல் 2,400 மீற்றர் உயரத்தில் இருப்பது போலத்தான் வைத்திருப்பார்கள். நுவரெலியா சுமார் 1,870 மீற்றர் உயரம். அங்கே போய் நிற்பதற்குச் சமம். நம் பதுளை ரயிலும் பட்டிப்பொலையில் 1,890 மீற்றருக்கு மேல் ஏறுகிறது, ஆனால் அதில் யாரும் காதைப் பொத்திக்கொண்டு அழுவதில்லை. ரயில் கொழும்பிலிருந்து அந்த உயரத்துக்குப் போக ஏழு, எட்டு மணித்தியாலம் எடுக்கிறது. பிளேன் அந்த அழுத்த வேறுபாட்டை இருபது, முப்பது நிமிடத்தில் தந்துவிடுகிறது. இறங்கும்போது வெளி அழுத்தம் கூடும். தொண்டைக்கும் நடுக்காதுக்கும் இடையிலுள்ள குழாய் திறந்து காற்றை உள்ளே விட்டால்தான் வலி நிற்கும். எச்சில் விழுங்குவது, கொட்டாவி விடுவது, இனிப்பு சூப்புவது எல்லாம் அந்தக் குழாயைத் திறக்கத்தான். கைக்குழந்தைக்கு இறங்கத் தொடங்கும்போது பால் கொடுங்கள், ஏறியவுடனேயே கொடுத்து முடித்துவிடாதீர்கள். கடும் தடிமன் இருந்தால் பயணத்துக்கு முன் வைத்தியரிடம் கேளுங்கள்.

தாமதம் இரண்டிலும் உண்டுதானே. பிளேனை மட்டும் ஏன் குறை சொல்கிறீர்கள்?

உண்டு. ரயிலில்தான் அதிகம் என்றுகூடச் சொல்லலாம். பொல்ஹாவலைக்கு வடக்கே யாழ்ப்பாணப் பாதை பெரும்பாலும் ஒற்றைத் தண்டவாளம். எதிரே வரும் ரயிலுக்கு வழிவிட ஒரு நிலையத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும். ஒன்று பிந்தினால் மற்றதும் பிந்தும். விமானத்திலும் இதே கதை வேறு மாதிரி: ஒரே விமானம் ஒரு நாளில் பல பயணம் போகும், காலையில் ஒரு நகரத்தில் பிந்தினால் இரவு வரை எல்லாம் பிந்தும். விமானிகள் தொடர்ந்து வேலை செய்யும் நேரத்துக்கும் எல்லை உண்டு. அது முடிந்துவிட்டால் வேறு ஆள் வரும்வரை பறக்க முடியாது.

வித்தியாசம் காத்திருக்கும் விதத்தில். மாகோவில் ரயில் நின்றால் நின்றது கண்ணுக்குத் தெரியும். கதவடியில் போய் நிற்கலாம், மேடையில் இறங்கித் தேத்தண்ணி குடிக்கலாம், கார்ட் நடந்து வந்தால் கேட்கலாம். பக்கத்துப் பாதையால் எதிர் ரயில் போனதும் அடுத்து நாங்கள்தான் என்று தெரிந்துவிடும். விமான நிலையத்தில் திரையில் நேரம் மாறும், அவ்வளவுதான். ஒருமுறை நள்ளிரவு தாண்டிப் புறப்பட வேண்டிய விமானத்துக்காகக் கேற்றில் இருந்தோம். விடியும்வரை ஒருவரும் வந்து ஒன்றும் சொல்லவில்லை. மருந்தைச் சூட்கேஸில் அனுப்பிவிட்டிருந்த ஒரு வயதானவர் கவுண்டருக்கும் கதிரைக்குமாக நடந்துகொண்டேயிருந்தார். தாமதத்தை மன்னிக்கலாம், சொல்லாமல் விடுவதை மன்னிக்க முடியாது. நீரிழிவு, அழுத்த மாத்திரைகளை ஒருபோதும் சூட்கேஸில் வைக்காதீர்கள்.

பொதி வராமல் போனால் என்ன செய்வது?

பொதிப் பட்டியைவிட்டு வெளியேற முன், அங்கேயே உள்ள மேசையில் முறைப்பாடு எழுதி அதன் பிரதியைக் கையில் வாங்குங்கள். வீட்டுக்குப் போய்த் தொலைபேசியில் சொல்லலாம் என்று வெளியே வந்துவிட்டால் பிறகு நிரூபிப்பது கரைச்சல். சர்வதேசப் பயணங்களுக்கான 1999 மொன்ட்றியல் உடன்படிக்கையின்படி, சேதமடைந்த பொதிக்கு 7 நாட்களுக்குள்ளும் பிந்தி வந்த பொதிக்கு 21 நாட்களுக்குள்ளும் எழுத்தில் முறையிட வேண்டும். 21 நாள் கடந்தும் வராவிட்டால் தொலைந்ததாகக் கொண்டு இழப்பீடு கேட்கலாம். பொதியில் ஒட்டிய சீட்டின் துண்டைப் பயணம் முடியும்வரை எறியாதீர்கள்.

சரி, ரயிலில் கரைச்சலே இல்லையா?

நிறைய இருக்கிறது. கழிப்பறைகள் முதலாவது. புறப்படும்போது பரவாயில்லை, அனுராதபுரம் தாண்டினால் போக மனம் வராது. தண்ணீர் சில பெட்டிகளில் நின்றுவிடும். ரயில்வே இதைத் திருத்தாமல் இருப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது. பெண்களும் நோயாளிகளும் தண்ணீர் குடிக்காமல் ஏழு மணித்தியாலம் இருந்து வருகிறார்கள்.

இரண்டாவது திடீர் வேலைநிறுத்தம். சாரதிகளோ நிலைய அதிபர்களோ இறங்கினால் நீங்கள் கோட்டைக்கு வந்த பிறகுதான் தெரியவரும். மூன்றாவது பண்டிகைக் காலக் கூட்டம்: பதிவு செய்த பெட்டியிலும் நடைபாதையில் ஆட்கள் நிற்பார்கள், மிதிபலகையில் தொங்குவார்கள். மிதிபலகைப் பயணத்தில் உயிர் போகிறது. படம் எடுக்கக் கதவில் தொங்கும் பிள்ளைகளைத் தயவுசெய்து உள்ளே கூப்பிடுங்கள்.

இரவு ரயிலில் தனியாகப் போகும் பெண்களுக்கு நான் சொல்வது, பதிவு செய்த ஆசனத்தில் மட்டும் போங்கள், தொந்தரவு வந்தால் உடனே சத்தமாகச் சொல்லுங்கள், பக்கத்தில் இருப்பவர்கள் எழும்புவார்கள்.

அப்பாவுக்கு எண்பது வயது, நடக்கக் கஷ்டம். எதில் கூட்டிப்போவது?

அவர் உட்கார்ந்திருக்கச் சிரமப்படாதவராக இருந்தாலும், ஏறி இறங்கச் சிரமம் என்றால் பிளேன் இருக்கும் நாளில் பிளேன்தான். இரண்டு நாள் முன்னதாகச் சொல்லி வைத்தால் சக்கர நாற்காலி தருவார்கள், வரிசைகளிலும் முன்னுக்கு விடுவார்கள். கோட்டை நிலையத்தில் மேடைகளுக்கு இடையே மேம்பாலப் படி ஏற வேண்டும், பெட்டியின் படியும் உயரம். முழங்கால் வலியுள்ளவருக்கு இது பெரிய பாடு. நாட்டின் பிரதான ரயில் நிலையத்தில் நடக்க முடியாதவர் மேடைக்குப் போக இத்தனை கஷ்டப்படுவது வெட்கம். ரயிலில்தான் போக வேண்டும் என்றால் நகர்சேர் கடுகதியின் ஏசி பெட்டியில் பதியுங்கள், இரண்டு ஆட்கள் கூடப் போங்கள், ஒரு சால்வையும் எடுங்கள், குளிர் கடுமையாக இருக்கும்.

ஊரில் செத்தவீடு. உடனே போக வேண்டும்.

அந்த நேரத்தில் பிளேனைத் தேடித்தான் எல்லாரும் ஓடுவார்கள். அன்றைக்கு விமானமும் ஆசனமும் இருந்தால் போய்விடுங்கள். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்து கிடைக்காது. பின்னேரம் செய்தி வந்தால் இரவு தபால் ரயில் அல்லது வெள்ளவத்தையிலிருந்து புறப்படும் இரவு சொகுசு பஸ்தான் நம்பிக்கை. விடியற்காலையில் யாழ்ப்பாணத்தில் நிற்கலாம், கிரியைக்கு நேரம் இருக்கும்.

யுத்த காலத்தில் எப்படிப் போனார்கள்?

இளம் ஆட்கள் கேட்கும் கேள்வி இது, சொல்லத்தான் வேண்டும். வடக்குப் பாதை 1905இல் முழுதாகத் திறந்தது. 1956இல் யாழ் தேவி ஓடத் தொடங்கியது. 1990 ஜூனில் யாழ்ப்பாணத்துக்கான ரயில் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் கழற்றப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குப் போயின. பிறகு கப்பல், பிளேன், வழி திறந்திருந்த காலங்களில் பஸ். 1998 செப்டெம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் கடலில் வீழ்த்தப்பட்டு அதில் இருந்த 55 பேரும் இறந்தார்கள். அதற்குப் பிறகு பலர் பிளேன் சத்தத்துக்கே பயந்தார்கள்.

சோதனை வரிசையில் எங்களுடைய பெரியவர்கள் மற்றவர்களைவிட அமைதியாகவும் இறுக்கமாகவும் நிற்பதற்கு இந்த வரலாறு காரணம். அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, கேட்கும் முன்பே நீட்டுவார்கள். பையைத் திறக்கச் சொல்வது இளையவருக்கு ஒரு மினக்கேடு. அவர்களுக்கு அது வேறு. கூடப் போகிறவர்கள் அவசரப்படுத்தாமல் பக்கத்தில் நில்லுங்கள்.

2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும், 2014 மார்ச்சில் பளைக்கும், 2014 ஒக்ரோபர் 13 அன்று யாழ்ப்பாணத்துக்கும் ரயில் திரும்பியது. காங்கேசன்துறைக்கு 2015 ஜனவரியில். அதனால்தான் பலருக்கு யாழ் தேவி ஒரு வாகனம் என்பதற்கு மேலே.

ரயிலில் அப்படி என்ன இருக்கிறது? நேரடியாகச் சொல்லுங்கள்.

காலை ரயிலில் ஜன்னல் திறக்கக்கூடிய இரண்டாம் வகுப்பில் ஏறிப் பாருங்கள். குருநாகல் வரை தென்னையும் வயலும். பிறகு காற்று காயத் தொடங்கும். வடைக்காரர் கூடையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஆட்களுக்கு நடுவால் வருவார். இறால் வடை, கடலை, கச்சான். பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் ஒட்டிய பை. கச்சான் முடிந்ததும் விரித்துப் பார்த்தால் ஏதோ ஒரு பிள்ளை செய்த வகுத்தல் கணக்கும், அதற்கு ஆசிரியர் போட்ட சிவப்புச் சரியும் இருக்கும். எதிர்ச் சீற்றில் இருப்பவர் வவுனியா வரை பேசமாட்டார். பிறகு "நீங்கள் எந்த ஊர்?" என்பார். ஊரைச் சொன்னால் பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்தைச் சொன்னால் வாத்தியார், கிளிநொச்சிக்கு முன் ஏதாவது ஒரு வழியில் சொந்தமாகிவிடுவார். முறிகண்டியில் சிலர் இருந்த இடத்திலிருந்தே பிள்ளையாரைக் கும்பிடுவார்கள். ஆனையிறவில் இரண்டு பக்கமும் நீர் திறக்கும்போது தூங்கிக்கொண்டிருந்த ஆட்களும் எழும்பிவிடுவார்கள்.

பிளேனில் ஊருக்குப் போனால் ஊர் மட்டும்தான் வருகிறது. வன்னி முழுவதையும் கடந்து போகும்போது எது எரிந்தது, எது திரும்பக் கட்டப்பட்டது, எந்த வயல் மறுபடி விதைக்கப்பட்டது என்று தெரிகிறது. வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளை ஒரு தடவையாவது பகல் ரயிலில் கூட்டிப்போங்கள் என்று நான் வற்புறுத்துவது அதற்காகத்தான்.

மட்டக்களப்பு, திருகோணமலை, மலையகம்?

மலையகத்துக்கு ரயில்தான், யோசிக்கவே வேண்டாம், ஆசனம் கிடைத்தால். மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் மாகோவில் பிரிந்து கல்ஓயா வழியாகப் போகும். நேரம் கூட எடுக்கும். கல்ஓயாப் பக்கம் யானைகள் பாதையைக் கடக்கும் இடம். 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கத்தில் ஒரு பயணிகள் ரயில் யானைக் கூட்டத்தில் மோதிப் பல யானைகள் இறந்தன. அங்கே ரயில் மெதுவாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னைக்குப் பிளேன் இல்லாமல் போகவே முடியாதா?

ஒரு காலத்தில் கோட்டையில் ரிக்கற் எடுத்துச் சென்னை எழும்பூரில் இறங்கினார்கள். 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் போட் மெயில் தொடங்கியது. கொழும்பிலிருந்து தலைமன்னார் ரயில், அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல், பிறகு மறுபடி ரயில். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து எண்பதுகள் வரை ஓடியது. தலைமன்னார்ப் பாதை 2015 மார்ச்சில் திரும்பத் திறந்தது, கப்பல்தான் வரவில்லை.

இன்று ஒரு வழி இருக்கிறது. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 ஒக்ரோபரில் பயணிகள் கப்பல் தொடங்கி, நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி ஓடியது. கடலில் சுமார் நாலு மணித்தியாலம். கோட்டையிலிருந்து காங்கேசன்துறைக்கு ரயில், கப்பல், நாகப்பட்டினத்திலிருந்து சென்னைக்கு ரயில். நேரம் இருக்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். மாரிகாலத்தில் கடல் கொந்தளித்தால் கப்பல் நிற்கும், ஆகவே ஒக்ரோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை இதை நம்பித் திட்டம் போட வேண்டாம். அவசரம் என்றால் யாழ்ப்பாணத்திலிருந்தே சென்னைக்கு விமானம் இருக்கிறது. 2019 ஒக்ரோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது. வடக்கிலிருந்து வருபவர்கள் அதற்காகக் கொழும்புக்கு வந்து மினக்கெட வேண்டியதில்லை.

ரயில் ஆசனம் எப்படிப் பதிவது?

முப்பது நாள் முன்னதாகப் பதிவு திறக்கும். இணையத்திலும், கோட்டை போன்ற பெரிய நிலையக் கவுண்டர்களிலும் எடுக்கலாம். அடையாள அட்டை அல்லது பாஸ்போர்ட் இலக்கம் தேவை. திருவிழாக் காலத்தில் திறந்த நாளிலேயே முடிந்துவிடும். இடைத்தரகர் இரட்டை விலைக்கு நீட்டும் ரிக்கற்றை வாங்காதீர்கள். பெயரும் இலக்கமும் ஒத்துப்போகாவிட்டால் ரயிலில் வைத்துப் பிரச்சினை வரும், அதோடு நியாயமாகப் பதிய நின்றவரின் சீற் அது.

2025 ஏப்ரலில் மாகோ–ஓமந்தைப் பாதை சீரமைத்துத் திறந்தார்கள். அந்த நவம்பரில் டித்வா புயல் நாடெங்கும் ரயில் பாதைகளை உடைத்தது. ஆகவே பதிய முன் அந்தக் கிழமை ரயில் எதுவரை ஓடுகிறது என்று நிலையத்தில் கேளுங்கள். ஆசனம் கிடைக்காவிட்டால் முன்பதிவில்லாத மூன்றாம் வகுப்புக்கு அன்றைக்கே ரிக்கற் தருவார்கள். சீற் பிடிக்க வேண்டுமென்றால் நேரத்தோடு மேடைக்குப் போங்கள். கல்கிசையிலிருந்து புறப்படும் ரயில் என்றால் வெள்ளவத்தைக்காரர் கோட்டைக்கு வராமல் கல்கிசையிலேயே ஏறுங்கள், ஜன்னலோரம் கிடைக்கும்.